வெடி பட்டும் பன்றி ஓடுகிறதா? தோட்டாவில் பிழையா, துவக்கில் பிழையா

பெரும்போகத்துக் கதிர் பால் பிடிக்கும் நாட்களில், இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வயல்களில் இரவு முழுவதும் வெடிச் சத்தம் கேட்கும். விடிந்து பார்த்தால் விழுந்து கிடக்கும் பன்றிகள் அந்த வெடிகளில் பாதிக்குக்கூடக் காணாது. பொழுது ஏறுமுன் யாராவது ஒருவர் வெற்றுத் தோட்டாவைக் கைக்குள் உருட்டிக்கொண்டு என் படலையைத் திறப்பார். “அண்ணை, இந்தத் தோட்டாவில் வலு இல்லை” என்பதுதான் முதற்பேச்சு.

நான் துவக்குத் திருத்துபவன் அல்லன். அந்த வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். அது என்னிடம் இல்லை. உரிமம் உள்ள ஒற்றைக் குழல் துவக்கோடு பல போகங்கள் காவல் இருந்தவன், அவ்வளவுதான். ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், எதை முதலில் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருக்கும் பன்னிரண்டாம் நம்பர்க் குழலளவுத் துவக்குக்கானது. குழல்வாயால் மருந்து இடித்து அடைக்கும் இடியனுக்கும், கம்பி கட்டிப் பொறியாக வைக்கும் கட்டுத்துவக்குக்கும் இதில் எதுவும் இல்லை. கட்டுத்துவக்கின் கம்பியில் விறகுக்குப் போன மனிதரின் காலும் தட்டுப்படும். ரைபிளுக்கும் இது பொருந்தாது. அங்கே ஒரு தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு, அதாவது சன்னம், ஒன்றே. அதன் முனை மென்மையா கடினமா, எடை எவ்வளவு என்பதே கேள்வி. நம் துவக்கில் தோட்டாவுக்குள் எத்தனை சன்னம், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, குழல் அவற்றை எப்படி விரிக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றே. துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்து வேறாக வையுங்கள். குழலை வானத்தை நோக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். மறுமுனையில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூன்றாம் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 1: வெடி பட்டது, பன்றி விழவில்லை

என்னிடம் வரும் பத்து முறைப்பாட்டில் ஏழெட்டு இதுதான். காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

*தோட்டாவில் என்ன எழுதியிருக்கிறது?*

வெற்றுத் தோட்டாவின் பக்கத்தைத் துடைத்து வாசியுங்கள். 4 அல்லது 6 என்று இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. அவை பறவைக்கு வார்த்த பொடிச் சன்னம். பிரித்தானிய அளவின்படி 4ஆம் நம்பரில் ஓர் அவுன்சுக்கு 170 சன்னம், 6ஆம் நம்பரில் 270. அவற்றைவிடப் பெரிய சன்னத்துக்கு எழுத்துக் குறி: ஏ.ஏ.ஏ. என்றால் 35. எஸ்.ஜி. என்றால் 8, எல்.ஜி. என்றால் 6. எஸ்.ஜி. சன்னம் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர், எடை மூன்றரைக் கிராம். 4ஆம் நம்பர் சன்னத்தில் இருபத்தொன்றைச் சேர்த்தால்தான் அந்த எடை வரும். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் பலகைபோல ஒரு கெட்டிப் படை உண்டு. பொடிச் சன்னம் அந்தப் படையில் சிக்கி நின்றுவிடும். பன்றி அன்று ஓடித் தப்பிவிடும். பிறகு புண் சீழ்ப்பிடித்துப் பல நாள் வதைபட்டுச் சாகும்.

ஏ.ஏ.ஏ. போதும் என்று வாதிடுபவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து மீற்றரில் குட்டிப் பன்றிக்குப் போதலாம். வளர்ந்த ஆண் பன்றி, அதாவது கிடா, வந்தால் போதாது. இருட்டில் வருவது குட்டியா கிடாவா என்று வந்த பிறகுதானே தெரியும்? பன்றிக் காவலுக்கு எஸ்.ஜி., கிடைத்தால் எல்.ஜி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் முடிவு.

எஸ்.ஜி. கிடைக்கவில்லை என்று பொடித் தோட்டாவைப் பிரித்து, ஈயத்தை உருக்கி ஒற்றைக் குண்டாக்கி அடைப்பவர்களும், மெழுகு ஊற்றி இறுக்குபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த வெடிமருந்து அந்தச் சன்னத்துக்கென்று அளந்து போட்டது. குண்டு குழல்வாயில் இறுகினால் அமுக்கம் பின்னால் திரும்பும். அங்கே இருப்பது உங்கள் இடது கையும் முகமும்.

*எவ்வளவு தூரத்தில் சுட்டீர்கள்?*

“இருபத்தைந்து மீற்றர் வரும் அண்ணை” என்று சொன்ன தம்பி ஒருவரோடு முத்தையன்கட்டுக் கீழ் வயலுக்குப் போய் நாடா பிடித்து அளந்தேன். நாற்பத்தொரு மீற்றர். அவர் பொய் சொல்லவில்லை. ரோர்ச் வெளிச்சத்தில், நடுவில் அளந்துகொள்ள மரமோ வேலியோ இல்லாத வயலில், தூரம் எப்போதும் குறைந்துதான் தெரியும்.

பரிகாரம்: காவற்குடிலிலிருந்து நாடா பிடித்து 15 மீற்றரிலும் 25 மீற்றரிலும் கம்பு நடுங்கள். கம்பின் தலையில் வெள்ளை உரப்பைத் துண்டைக் கட்டுங்கள். பன்றி இரண்டாம் கம்பைத் தாண்டி உள்ளே வராவிட்டால் விசையில் விரலை வைக்காதீர்கள். இந்த ஒரு வேலையாலேயே தோட்டா மாற்றாமல் பிழை தீர்ந்தவர்கள் என் அயலில் பலர்.

*தாளில் சுட்டுப் பார்த்தீர்களா?*

தோட்டா கிடைப்பதே அரிதாக இருக்கையில் மூன்றை வீணாக்குவதா என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஓடிப்போகும் ஒவ்வொரு பன்றியிடமும் ஒரு தோட்டாவைத் தொலைப்பதைவிட இது மலிவு.

நான்கு சீமெந்துப் பைகளைப் பிரித்து, பசை போட்டு ஒட்டி, இரண்டு தடிக்கு நடுவில் இழுத்துக் கட்டுங்கள். பக்கவாட்டில் நிற்கும் பன்றியின் உருவத்தைக் கரியால் கீறுங்கள். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ்ப் பாதியில், சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து ஒரு வட்டம் வரையுங்கள். இதயமும் சுவாசப்பையும் அங்கேதான் இருக்கின்றன. கிணறு வெட்டிக் குவித்த பெரிய மண்மேடு போல ஒன்று பின்னால் இருக்க வேண்டும். எஸ்.ஜி. சன்னம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் போகும். வெறும் பற்றைக்காடு அதைத் தடுக்காது. சுடுமுன் பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லி, முடியுமென்று அவர்கள் சொன்னால் மட்டும் சுடுங்கள். அயல் வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகலில் திடீரென்று கேட்கும் வெடிச்சத்தம் இன்னும் எங்கள் ஊரில் எத்தனையோ பேரைப் பதறி எழும்ப வைக்கிறது.

என் குழலில் ஒன்பது சன்ன எஸ்.ஜி. தோட்டா காட்டிய கணக்கு இது. 20 மீற்றரில் ஏழு சன்னம் பன்றிக்குள், அதில் மூன்று கோப்பைக்குள். 30 மீற்றரில் ஐந்து பன்றிக்குள், ஒன்று கோப்பைக்குள். 40 மீற்றரில் இரண்டு பன்றிக்குள், இரண்டும் குடலில். கோப்பைக்குள் ஒன்றுமில்லை. அந்த மூன்றாவது தாளை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். தோட்டாவில் வலு இல்லை என்று வருபவருக்கு முதலில் அதை விரித்துக் காட்டுவேன்.

உங்கள் குழல் என் குழல்போல இருக்காது. கோப்பைக்குள் மூன்று சன்னமாவது விழும் கடைசித் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் தூரம். இரண்டாம் கம்பை அங்கே நகர்த்துங்கள்.

*குழல்வாய் நெருக்கம்*

தாளில் 20 மீற்றரிலேயே சன்னம் சிதறினால், குழல்வாயில் நெருக்கம் இல்லை என்று கொள்ளலாம். சோக் என்று சொல்வது இதைத்தான். முழு நெருக்கமுள்ள குழலில் வாய் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். ஆனால் பெரிய சன்னம் முழு நெருக்கத்தில் ஒன்றோடொன்று நசுங்கி, இன்னும் மோசமாக விரிவதும் உண்டு. எல்.ஜி. விரிந்தால் எஸ்.ஜி. போட்டும், ஒரு கம்பனித் தோட்டா விரிந்தால் வேறொரு கம்பனித் தோட்டா போட்டும் தாளில் ஒப்பிடுங்கள். முன்னொரு காலத்தில் யாரோ குழலின் நுனியை அரிந்து குட்டையாக்கிய துவக்கு என்றால் நெருக்கமும் அதோடு போயிருக்கும். அரிந்த குழல் சட்டச் சிக்கலும்கூட. அதை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் சொல்லித்தான் தீர்க்க வேண்டும்.

*எங்கே குறி வைத்தீர்கள்?*

பன்றியின் முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும்போது உடம்பு உள்ளதைவிட உயரமாகத் தெரியும். நடு உடம்பென்று நினைத்துப் பிடிக்கும் குறி முதுகுத் தசையில் போய்விடும். முன்னங்காலின் கோட்டைக் கீழிருந்து மேலே கண்ணால் பிடித்து வந்து, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். நேரே முகம் காட்டி நிற்கும் பன்றிக்குச் சுடாதீர்கள், திரும்பும்வரை பொறுங்கள்.

இன்னுமொன்று. பன்றியின் கண் வெளிச்சத்துக்கு மாட்டின் கண்போலவோ மானின் கண்போலவோ பளிச்சிடாது. பச்சையாக, பிரகாசமாக இரண்டு கண் மின்னினால் அது கட்டவிழ்ந்த மாடாக இருக்கலாம், புள்ளிமானாக இருக்கலாம், மரையாக இருக்கலாம். மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. முழு உடம்பும் தெரியாமல் வெடி வைக்கக்கூடாது.

*காயப்பட்ட பன்றி காட்டுக்குள் இறங்கிவிட்டால்*

உடனே பின்னால் போகாதீர்கள். பட்ட இடத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு அரை மணித்தியாலம் இருங்கள். பிறகு வெளிச்சம் பிடித்து இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் சுவாசப்பையில் பட்டிருக்கிறது. அதிக தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். நாற்றத்தோடு பச்சை, மஞ்சளாக ஏதாவது கலந்திருந்தால் குடல். விடியும்வரை போகவே கூடாது. கிடா படுத்த இடத்திலிருந்து எழும்பிப் பாய்ந்தால் அதன் கொம்புப்பல் தொடையைக் கிழித்துவிடும்.

விடிந்த பிறகும் ஓர் எல்லை உண்டு. கண்ணிவெடி உண்டென்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, கட்டிய நாடா, இதில் எது கண்ணில் பட்டாலும் அங்கேயே நின்று, வந்த காலடியிலேயே திரும்புங்கள். பலகை இல்லாத காட்டிலும், வெட்டிய பாதையை விட்டு இறங்குமுன் அந்தக் காட்டில் நடமாடுபவர்களைக் கேளுங்கள். பன்றி தாண்டிப் போனதால் அந்த நிலம் துப்புரவானது என்று ஆகாது. துருப்பிடித்த எந்த இரும்பையும் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். ஒரு பன்றிக்காகக் காலை இழக்க வேண்டாம்.

அறிகுறி 2: விசையை இழுத்தேன், “டக்” என்றது, வெடிக்கவில்லை

துவக்கைத் திறக்காதீர்கள். வாயை மண்ணை நோக்கியோ ஆளில்லாத வெளியை நோக்கியோ பிடித்தபடி மனதுக்குள் 60 வரை எண்ணுங்கள். பிந்தி வெடிக்கும் தோட்டா அரிதுதான்; அந்த அரிது திறந்த துவக்கில் நடந்தால் முகத்துக்கு நேரே நடக்கும். எண்ணி முடித்த பின் திறந்து, தோட்டாவின் அடியில் நடுவிலிருக்கும் சிறு வட்டப் பொட்டைப் பாருங்கள்.

பொட்டில் ஆழமான பள்ளம் இருந்தால் துவக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது, பிழை தோட்டாவில். மாரி மழைக்குள் ஓலைக்குடிலில் செருகி வைத்த தோட்டா ஈரம் குடித்திருக்கும். துவக்கில் தாராளமாகப் பூசிய எண்ணெய் வழிந்து பொட்டுக்குள் இறங்கினாலும் மருந்து செத்துவிடும். அந்தத் தோட்டாவைத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள், அடுப்பங்கரையில் காயவைக்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். தனியாகக் கட்டி, பொலிஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். மீதித் தோட்டாக்களைத் துடைத்து, இறுகமூடும் பால்மாப் பேணியில், பழைய துணியில் சுற்றிய உலர்ந்த அரிசி ஒரு பிடியோடு வையுங்கள். அரிசியை மாதம் ஒரு தரம் மாற்றினால் மாரி தாங்கும்.

பொட்டில் பள்ளம் ஆழமில்லை, நகக்கீறல் அளவுதான் என்றால் துவக்கின் பக்கம் திரும்புங்கள். பொட்டை அடிக்கும் ஊசி வரும் துளையில் பிசினாகக் காய்ந்த தேங்காய் எண்ணெயும் தூசும் அடைத்திருப்பது வழக்கமான காரணம். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் வெளியே துடைத்து, உலர்த்தி, துவக்கு எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது வில் இளகியிருக்கும். இங்கே நிறுத்துங்கள். உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநரிடம் துவக்கையும் உரிமப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். ஆணியை அராவி ஊசி செய்து போட்ட ஒரு துவக்கைப் பார்த்தேன். ஊசி நீண்டுவிட்டதால், துவக்கை மூடும்போதே வெடித்துவிட்டது. சன்னம் மண்ணில் புதைந்தது யாரோ செய்த புண்ணியம்.

பள்ளமே இல்லையா? காப்பு விசையைத் தள்ளினீர்களா என்று பாருங்கள். இருட்டிலும் பதற்றத்திலும் இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

அறிகுறி 3: வெடித்தது, ஆனால் சத்தமும் உதையும் குறைவு

போத்தல் மூடி திறந்ததுபோல “பொப்” என்ற சத்தம். தோளில் ஒன்றும் தெரியவில்லை. பன்றி இன்னும் வயலில் நிற்கிறது. கை தானாக அடுத்த தோட்டாவைத் தேடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பந்தியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: அந்தத் தோட்டாவைப் போடாதீர்கள். ஈரமான மருந்து முழுதாக எரியாமல், மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவிலுள்ள அடைப்போ சன்னமோ குழலின் நடுவில் நின்றிருக்கலாம். அதன் மேல் சுடும் வெடி குழலைப் பிளந்துவிடும்.

மனதுக்குள் 60 எண்ணி, திறந்து, தோட்டாவை எடுத்து, வெளிச்சத்தில் குழலைப் பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரிந்தால் அன்றிரவுக்கு அந்தப் பெட்டித் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள். அடைத்திருந்தால், காலையில் குழலைக் கழற்றி, குழலுக்குள் இலகுவாகப் போகும் நேரான மரத்தடியால் மெதுவாகத் தள்ளுங்கள். கையழுத்தத்துக்கு வராவிட்டால் திருத்துநரிடம் போக வேண்டும். இரும்புக் கம்பியும் சுத்தியலும் வேண்டாம்.

குழல் அடைபட வேறு வழிகளும் உண்டு. வாய்க்கால் தாண்டும்போது வாய் சேற்றில் குத்தியிருக்கலாம். போகம் முடிந்து மாதக்கணக்காகச் சாத்தி வைத்த துவக்கில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். நானே இரண்டு முறை கண்டேன். பருவத்தின் முதல் இரவு வெளிக்கிடுமுன் குழலுக்குள் பார்க்காமல் வெளிக்கிடாதீர்கள்.

அறிகுறி 4: தோட்டா உள்ளே போகவில்லை, அல்லது சுட்டபின் வெளியே வரவில்லை

தோட்டா ஈரத்தில் ஊதியிருக்கலாம், பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம், குழலின் அடியில் தோட்டா அமரும் அறையில் பழைய கரி படிந்திருக்கலாம். வேறொரு புதுத் தோட்டா வழுக்கிக்கொண்டு போனால் பிழை தோட்டாவில். எதுவும் போகாவிட்டால் அறையைத் துடையுங்கள். தட்டி ஏற்றாதீர்கள்.

உள்ளே சரியாகப் போகும் தோட்டாவும் பிழையாக இருக்கலாம் என்பதுதான் இங்கே பலருக்குத் தெரியாதது. தோட்டாவில் அச்சிட்டிருக்கும் 65, 70, 76 என்ற மில்லிமீற்றர் கணக்கு, சுட்டு விரிந்த பின்னுள்ள நீளம். மடித்து மூடிய வாயோடு இருக்கையில் 70 மில்லிமீற்றர்த் தோட்டா 65 மில்லிமீற்றர் அறைக்குள் இடறாமல் போய்விடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். குழலின் அடியில், அதைத் தாங்கும் முன்கட்டையைக் கழற்றினால் தெரியும் தட்டையான பகுதியில், 65 அல்லது 70 என்று குத்தியிருக்கும்; பழைய ஆங்கிலேயத் துவக்கில் 2½ அல்லது 2¾ அங்குலம் என்றிருக்கும். பாட்டன் காலத்துத் துவக்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள். இலக்கம் அழிந்துபோயிருந்தால் திருத்துநர் அளந்து சொல்லும்வரை சுடாதீர்கள்.

ஒரே வீட்டில் 20ஆம் நம்பர்க் குழலுக்குரிய ஒல்லித் தோட்டா இருந்தால் அதைத் தனிப் பெட்டியில் பூட்டுங்கள். அது 12ஆம் நம்பர் அறைக்குள் வழுக்கி, முன்னே குழலில் போய் நின்றுகொள்ளும். அறை வெறுமையாகத் தெரிவதால் 12ஆம் நம்பரை ஏற்றிவிடுவோம். முன்னால் நிற்பது அடைப்பு. 20ஆம் நம்பர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்த ஆபத்துக்காகத்தான்.

அறிகுறி 5: உதை தோளை உடைக்கிறது, முகத்தில் புகை அடிக்கிறது

உதை மட்டும் கூடியிருந்தால் பிடங்கைத் தோளோடு இறுக அணைக்காதது காரணமாகலாம். பரணில் குந்தியிருந்து சுடுபவர்களுக்கு இது வழமை. தோட்டாப் பெட்டியையும் பாருங்கள்: வழக்கமான 32 கிராமுக்குப் பதிலாக 36 கிராம் ஏற்றிய தோட்டாவாக இருக்கும். பாரம் குறைந்ததற்கு மாறுங்கள்.

புகையோ சூடோ முகத்தில் பட்டால் வீட்டில் பார்க்கும் சோதனை ஒன்றே. வெறுந்துவக்கை மூடி, முன்கட்டையைக் கழற்றி, பிடங்கைப் பிடித்துக் குழலை இடம் வலமாக மெல்ல அசையுங்கள். கடக் கடக் என்று ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. மூடிய இடத்தில் தாள் நுழையும் இடைவெளி தெரிந்தாலும் அப்படியே. சுட்ட தோட்டாவின் பொட்டு வெளியே பிதுங்கியிருப்பதும், பித்தளை அடி வெடித்திருப்பதும் அதே சேதிதான். இதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. தகரத் துண்டு செருகி இறுக்குவது இரண்டு வெடிக்குத் தாங்கும். மூன்றாவதுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

குழலின் மேல் பாம்புத்தோல்போல வரிவரியாக நெளிவு தெரியும் மிகப் பழைய துவக்கும் இந்த வகையில் சேரும். இரும்புப் பட்டிகளை முறுக்கி ஒட்டிச் செய்த குழல் அது, கரிமருந்துக் காலத்துக்குரியது. இன்றைய தோட்டா அதற்குப் பாரம். போன மாரியில் அப்படியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கனகராயன்குளத்திலிருந்து ஓர் ஐயா வந்தார். தகப்பன் கைத் துவக்கு. இடப்பெயர்வெல்லாம் கடந்து எப்படியோ உரிமத்தோடு திரும்பக் கிடைத்தது. குழலைத் துடைத்து வெயிலில் பிடித்து வரிகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த எஸ்.ஜி. தோட்டா நான்கையும் எடுத்து மேசையில் வைத்து, “அப்ப இதைச் சுவரில் மாட்டலாமோ தம்பி?” என்று கேட்டார். மாட்டுவதற்கும் உரிமம் புதுப்பிக்க வேண்டும், தோட்டாவைத் தனியே பூட்ட வேண்டும் என்று சொல்லி, பொலிஸ் நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன்.